கழுத்து சரியான பிறகு வந்த அழைப்பு

தம்பி,

நேற்று நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவை, என் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகள் எல்லாம் பல்லேகல கார்மண்ட் தொழிற்சாலைக்கு பஸ் ஏறிப் போன பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். "அம்மா, ஸ்கேன் ரிப்போர்ட் அனுப்பியிருந்தீங்களே, இப்பதான் பாத்தேன். கட்டி நல்லா சுருங்கிப் போச்சாமே! கழுத்து சரியாயிருச்சுதானே, இனி என்ன, கெளம்பி எங்க வீட்டுக்கு வாங்க. பிள்ள பொறக்க முந்தியே வந்திருங்க. எல்லாருக்கும் ஒங்களக் காட்டணும்." நல்ல வார்த்தைகள்தான். எந்தத் தாய் கேட்டாலும் பூரித்துப் போவாள். உன் குரலில் சந்தோஷம் இருந்தது, அது நடிப்பில்லை என்றும் எனக்குத் தெரியும். ஆனால் கேட்டு முடித்ததும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அடுப்பில் வைத்த தேத்தண்ணி கொதித்து வழிந்து அடுப்பே அணைந்துபோனது, நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.

பதிலுக்கு நானும் குரல் பதிவு அனுப்பியிருக்கலாம். ஆனால் பேசினால் நடுவில் அழுதுவிடுவேன். நீயும் அதை வேகமாக ஓட்டிக் கேட்பாய், எனக்குத் தெரியும், உன் காருக்குள் இருந்து பார்த்திருக்கிறேனே. கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது. கண் வலிக்க வலிக்க வாசித்துத்தான் ஆக வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தக் கழலை உன்னைவிட மூத்தது, தம்பி. பன்வில தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் இருந்தபோதே கழுத்தின் வலது பக்கம் ஒரு புளியங்கொட்டை அளவுக்குத் தொடங்கியது. மலைநாட்டில் கழுத்து வீங்கிய பெண்கள் அதிசயமில்லை, உப்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். உன்னைச் சுமந்தபோது அது கொஞ்சம் பெருத்தது. நீ கைப்பிள்ளையாக இருந்த காலத்தில் அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாய். பால் குடித்து முடித்ததும் உன் கை தானாக மேலே வந்து அந்த உருண்டையைத் தேடும். பிடித்துக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் தூக்கம். "இவனுக்கு சூப்பி வாங்கத் தேவையில்ல, ஆண்டவரே அம்மா கழுத்துல செஞ்சு வெச்சிட்டாரு" என்று உன் அப்பா சிரிப்பார். பிறகு நாம் குண்டசாலைக்கு வந்தோம், நீ பள்ளிக்கூடம் போனாய். ஆறாம் வகுப்பில் இருந்தபோது பெற்றார் கூட்டத்துக்கு முதல்நாள் என்னிடம் வந்து, "ஸ்வெட்டர் போட்டுட்டு வாங்கம்மா, கழுத்து மூடுற மாதிரி" என்றாய். குண்டசாலையில் சித்திரை மாத வெயில்! நான் சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டு வந்தேன். வேர்த்து ஒழுகிக்கொண்டு உன் ஆசிரியைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். சின்னப் பிள்ளை, கூடப் படிப்பவர்கள் கேலி செய்திருப்பார்கள், வளர்ந்தால் சரியாகும் என்று நினைத்தேன். பிள்ளைகள் வளர்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. எல்லாம் சரியாகும் என்பதுதான் நாமாகச் சொல்லிக்கொள்வது.

வெட்டி எடுக்கலாம் என்று பெரியாஸ்பத்திரியில் எப்போதோ சொன்னார்கள். குரல் கம்மிப் போகவும் கூடும், பிறகு காலம் முழுக்கக் குளிசை விழுங்க வேண்டியும் வரலாம் என்றும் ஒளிக்காமல் சொன்னார்கள். நான் அப்போது கார்மண்டில் ஒரு தையல் லைனுக்கு மேற்பார்வையாளராக இருந்தேன். தையல் மெஷின்களின் இரைச்சலுக்கு மேலே என் குரல் கேட்டால்தான் எனக்குச் சம்பளம். உன் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார், நீ ஓ.எல். பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். கழலை கிடக்கட்டும், குரல் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வேலையிலிருந்து நின்ற பிறகுதான் அது தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. மல்லாந்து படுத்தால் யாரோ தொண்டையில் கட்டை விரலை வைத்து அழுத்துவது போல் இருக்கும். சோறு இறங்க மறுக்கும். ஊசி போட்டு உள்ளிருந்து எடுத்துச் சோதித்தார்கள், மறுபடியும் ஒரு முறை சோதித்தார்கள், புற்று இல்லை, சாதாரணக் கட்டி என்றார்கள். அதைக் கேட்டு அன்றைக்கு போனில் நீயும் அழுதாய். அந்த அழுகையை நான் மறக்கவில்லை. உன்னை ஒரேயடியாகக் கெட்டவன் என்று எழுதிவிட என் கை வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

வெட்டாமல், தழும்பில்லாமல், ஊசி வழியாகச் சூடு கொடுத்தே கட்டியைச் சுருக்குகிற வைத்தியம் வந்திருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னது நீதான். அதைச் செய்கிற டொக்டர் கொழும்பிலிருந்து கண்டிக்கு வந்து பார்க்கிறார் என்று நேரமும் எடுத்துத் தந்தாய். நான் நெகிழ்ந்துபோனேன். ஆனால் நீ நேரம் எடுத்தது நத்தார் முடிந்து ஜனவரியில், தவக்காலத்துக்கு முன்பு. தவக்காலத்தில் கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், அதற்கு முன்பே உன் கல்யாணத்துக்குத் தேதி கிடைத்துவிட்டது, மண்டபமும் சொல்லியாகிவிட்டது. டொக்டர் உன்னையும் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சிங்களத்தில் பொறுமையாக விளங்கப்படுத்தினார். கட்டியை வெளியே எடுக்கப்போவதில்லை, உள்ளேயே வேகவைக்கிறோம், வெந்ததை உடம்புதான் மெல்ல மெல்லக் கரைத்து எடுக்க வேண்டும், அதற்கு மாதங்கள் போகும், முதலில் கொஞ்சம் வீங்கவும் செய்யும் என்றார். "ஹெமின் ஹெமின்", மெதுவாக மெதுவாக என்று கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். வெளியே வந்ததும் நான் கேட்டேன், "அப்ப ஈஸ்டருக்குப் பிறகு கல்யாணத்த வெச்சா என்னடா?" நீ, "அதெல்லாம் சரியாயிரும்மா, டொக்டர்மார் அப்பிடித்தான் சொல்லுவாங்க" என்றாய். அவசரக் கோலம் அள்ளித் தெளித்த கதை. என் சதை கோயில் கலண்டரைப் பார்த்து வற்றும் என்று நீ நம்பினாய். உன்னைச் சொல்லி என்ன, நானும் அல்லவா நம்பினேன்.

அன்றைக்கு உள்ளே நடந்ததை உனக்கு நான் சொன்னதே இல்லை, நீயும் கேட்டதில்லை. மோதிரத்தைக் கழற்றச் சொன்னார்கள், உடம்பில் உலோகம் இருக்கக் கூடாதாம். விரல் வீங்கிப்போய்ச் சவர்க்காரம் போட்டுத்தான் கழற்ற முடிந்தது. தோளுக்குக் கீழே தலையணை வைத்துக் கழுத்தைப் பின்னால் நீட்டிப் படுக்க வைத்தார்கள். தொடையில் இரண்டு பக்கமும் எதையோ ஒட்டினார்கள். மயக்க மருந்து கழுத்துக்கு மட்டும்தான், எனக்கு முழு நினைவு. திரையில் பார்த்துப் பார்த்து டொக்டர் ஊசியை நகர்த்த, உள்ளே கடுகு வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம். சூடு தாடையில் ஏறிக் காது வரைக்கும் போனது. அக்குறணையிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் நர்ஸ் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உம்மா, பயப்பட வாணாம். ஏதாச்சும் பேசிக்கொண்டே ஈங்கோ. கொரல் சரியா ஈக்கா எண்டு டொக்டர் பாக்கிறாரு" என்றாள். குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறதாம், டொக்டர் கொஞ்சம் சூடு கொடுப்பார், நிறுத்துவார், நான் பேச வேண்டும். என்ன பேசுவது? "எம் மகனுக்குக் கல்யாணம். அவனுக்கு அப்பா இல்ல. நான்தான் அவன் கையப் புடிச்சுப் பீடம் வரைக்கும் கூட்டிட்டுப் போகணும்" என்றேன். "மாஷா அல்லாஹ், அப்ப நல்ல சாரியொண்டு எடுங்கோ" என்றாள். சாரியின் நிறம் சொன்னேன், கரை சொன்னேன், நீ பிறந்த கதை சொன்னேன். டொக்டர் நிறுத்தும் போதெல்லாம் உன்னைப் பற்றியே பேசினேன். பின்னேரமே வீட்டுக்கு வந்துவிட்டேன், கழுத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டர் மட்டும்.

பெப்ரவரி தொடக்கத்தில் நம் கோயிலில் தொண்டை ஆசீர்வாதம் வந்தது. வருடா வருடம் போல, பூசை முடிந்ததும் பாதர் இரண்டு மெழுகுதிரிகளைக் குறுக்கே வைத்துக் கழுத்தில் தொட்டு ஆசீர்வதித்தார். சுகம் கேட்க வேண்டிய இடத்தில் முழங்காலில் நின்று நான் என்ன கேட்டேன் தெரியுமா? "ஆண்டவரே, கல்யாணத்து அன்றைக்கு மட்டும் தட்டையாக இருக்கச் செய்யும்" என்று கேட்டேன். அறுபது வயதுக்கு மேல் ஒரு மனுஷி கேட்கிற வரமா அது? அந்த நேரம் கட்டி முன்பிருந்ததைவிடப் பெருத்துக் கல்லாக இறுகிப்போயிருந்தது. டொக்டர் சொன்னது போலத்தான் எல்லாம் நடந்துகொண்டிருந்தது. எனக்கும் உனக்கும்தான் அது போதவில்லை.

கல்யாணத்துக்கு முதல்நாள் வத்தளையில் பெண் வீட்டாரைப் பார்க்கப் போனோம். உன் மாமியார் என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "கட்டியை எடுத்தாச்செண்டு தம்பி சொன்னவர். இன்னும் வீக்கமாக் கிடக்கே சம்பந்தி, நோகுதே உங்களுக்கு?" என்று கேட்டார். அவ்வளவுதான். யாழ்ப்பாணத்து மனுஷி, தோட்டத்து ஆட்களை எப்படிப் பார்ப்பாரோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன், அவரோ உடனே சுடுதண்ணி கொண்டுவரச் சொன்னார். முகம் கறுத்தது உனக்குத்தான். எடுத்தாகிவிட்டது என்று யாரும் கேட்காமலேயே ஏன் போய்ச் சொன்னாய்? கழலை உள்ள தாய் என்றால் பெண் தர மாட்டார்கள் என்று நினைத்தாயா? அவர்கள் அதைப் பெரிதாக எடுக்கவே இல்லை, தம்பி. யாரோ உன்னைத் தள்ளி நீ விழுந்திருந்தால் என் மனம் ஆறியிருக்கும்.

அன்று பின்னேரம் நாங்கள் தங்கியிருந்த அறைக்கு வந்தாய். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். "அம்மா, ஒண்ணு சொன்னா கோவிக்க மாட்டீங்களே? நாளைக்கு எங்கூடப் பெரியம்மா நடந்து வரட்டும். ஒங்களுக்கு வீக்கம் இருக்குதானே, அவ்வளவு நேரம் நிக்கிறது கஷ்டம். வீடியோவும் லைவ்ல போகுது, கனடாவுல இருந்தெல்லாம் பாக்கிறாங்க."

"நிக்கிறதுக்குக் கழுத்து எதுக்குடா?" என்று கேட்டேன்.

நீ போன் திரையையே விரலால் தள்ளிக்கொண்டிருந்தாய். ஒரு பதில் சொல்லியிருக்கலாம். ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். என் அக்கா, உன் பெரியம்மா, பக்கத்தில் நின்றவள் கொதித்துவிட்டாள். "பெத்தவ உசிரோட நிக்கிறா, நான் எதுக்குடா வரணும்? எனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினாள். நான்தான் அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பினேன். "போ அக்கா. கடைசி நேரத்துல வம்பு வேணாம். நானே போகச் சொல்றேன்ல." பெற்ற மனம் பித்து என்பதைச் சொல்லிவிட்டுப் பிள்ளை மனம் என்னவென்றும் சேர்த்துத்தான் நம் ஆட்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். முழுவதையும் நான் எழுத வேண்டியதில்லை.

மறுநாள் கோயிலில் தூண் ஓரமாக இரண்டாவது வரிசையில் இருந்தேன். பாட்டுத் தொடங்கியதும் எல்லோரும் எழும்பித் திரும்பினார்கள், நானும் திரும்பினேன். பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நீ வந்தாய். அவள் அழுதுகொண்டே வந்தாள், பார்த்தவர்கள் பாசத்தில் அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். என் பக்கம் வந்தபோது நீ பீடத்தையே பார்த்துக்கொண்டு போனாய். நான் உன் அப்பாவை நினைத்தேன். அவர் இல்லாதது முதல் தடவையாக எனக்கு ஆறுதலாக இருந்தது, இதைப் பார்க்காமல் போனாரே என்று. விருந்தில் உன் மனைவி தன் கவுணைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைத் தேடி வந்தாள். "மாமி, நோகுதா? ஏன் நீங்கள் முன்னுக்கு வரேல்ல?" என்று கேட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை! "தலச்சுத்து மகள்" என்றேன். கட்டிய முதல் மணித்தியாலத்திலேயே உனக்காக உன் பெண்சாதியிடம் பொய் சொன்னவள் நான்.

அல்பம் வந்தபோது நீ கூரியரில் அனுப்பிவைத்தாய். அதில் நான் இருக்கிறேன். உன் பக்கத்தில், அந்த நர்ஸ் பிள்ளையிடம் சொன்ன அதே சாரியில், வழவழவென்று நேரான கழுத்தோடு. ஸ்டூடியோக்காரனிடம் சொல்லிக் கழலையை அழித்திருக்கிறாய். அறை எடுத்திருக்கும் பிள்ளைகள் பார்த்துவிட்டு, "அன்ரி, என்ன இளமையா இருக்கீங்க!" என்றார்கள். ஒருத்திக்கும் அழிந்தது என்னவென்று தெரியவில்லை. எனக்கு அந்தப் பெண்ணை அடையாளம் தெரியவில்லை. அல்பத்தை அலுமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன்.

அதற்குப் பிறகு டொக்டர் சொன்னபடியே கட்டி கரையத் தொடங்கியது. ஈஸ்டருக்கு இளகியது, ஆடியில், அதை மறைக்க மேலே ஏற்றிக் குத்தும் சாரி பின்னைக் கீழே இறக்கிக் குத்த முடிந்தது. இப்போது மல்லாந்து படுக்கிறேன், சோறு இறங்குகிறது, குளிசை கிடையாது, குரலும் அப்படியே இருக்கிறது. வைத்தியத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கழுத்தில் கட்டியோடு யாராவது வந்து கேட்டால், முதலில் ஊசிச் சோதனை செய்து புற்றில்லை என்று தெரிந்துகொள், பிறகு அந்த டொக்டரிடம் போ, ஆனால் எந்த விசேஷத்துக்கும் நாள் குறிக்காமல் போ என்றுதான் சொல்வேன். ஆனால் இன்னொன்றையும் கவனித்தேன். கழலை சுருங்கச் சுருங்க உன் போன் கூடியது. முதலில் மாதத்துக்கு ஒரு தடவை, பிறகு கிழமைக்கு ஒரு தடவை. எடுத்தவுடன், "கழுத்து எப்பிடிம்மா?" அதற்குப் பிறகுதான், "சாப்பிட்டீங்களா?" முகம் கழுவும்போது கை கழுத்துக்குப் போகும், குறைந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். குறைந்திருந்தால் மகன் கொஞ்சம் கிட்டே வந்துவிட்டான் என்று தோன்றும். இப்படி ஒரு கணக்கோடு ஒரு தாய் வாழக் கூடாது, தம்பி. இதைவிட நீ என்னை மறந்தே போயிருக்கலாம்.

உன் மனைவிக்கு இது ஏழாவது மாதம். பிள்ளை பெற்ற உடம்பு முன்பு போல இருக்காது. முடி கொட்டும், வயிறு தொங்கும், முகத்தில் கறுப்பு விழும். "சரியாகட்டும், பிறகு வெளியே போகலாம்" என்று அவளிடம் ஒரு நாளும் சொல்லிவிடாதே. பிள்ளை எப்படிப் பிறந்தாலும் முதல் நாளே தூக்கி எல்லோருக்கும் காட்டு. மச்சமோ, தழும்போ, வேறெதுவோ இருந்தாலும் அந்தப் பக்கத்தையே முன்னுக்குத் திருப்பிக் காட்டு. கல்யாணத்தன்று என்ன நடந்தது என்று உன் மனைவியிடம் நீயாகச் சொல். அவள் நல்ல பிள்ளை, ஒரு நாள் கோபித்துக்கொள்வாள், அவ்வளவுதான். சொல்வாயா? எனக்கு நம்பிக்கை இல்லை. புத்தி சொல்வது தாய்க்கு வந்த வியாதி, சொல்லிவைக்கிறேன்.

இனி நீ கூப்பிட்ட விஷயம். நீ ரிப்போர்ட்டைத் திறந்து பார்ப்பதற்குள் இங்கே இன்னொன்று நடந்துவிட்டது. விழுங்கும்போது இடது பக்கம் ஏதோ தட்டுப்படுவது போலிருக்க, மறுபடியும் டொக்டரிடம் போனேன். ஸ்கேன் பண்ணிப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் புதிதாக ஒன்று இருக்கிறது என்றார். ஊசியில் எடுத்துச் சோதித்ததில் அதுவும் புற்றில்லை. இப்படியே இருக்கலாம், வளரவும் செய்யலாம், வளர்ந்து தொந்தரவு தந்தால் இதற்கும் சூடு வைக்கலாம் என்றார். எனக்கு மூச்சு முட்டினால் செய்துகொள்வேன். முட்டாவிட்டால் அது பாட்டுக்கு வளரட்டும், யாருடைய கண்ணுக்காகவும் இன்னொரு தடவை அந்தக் கட்டிலில் படுக்க மாட்டேன். இதை உனக்குச் சொல்லாமல் வந்துவிடலாம் என்றுதான் நேற்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளதைச் சொல்கிறேன், அலுமாரி மேலிருந்து பெட்டியைக்கூட இறக்கிவிட்டேன். பேரப்பிள்ளையைத் தூக்க வேண்டும் என்று கை துடிக்கிறது. சொல்லாமல் வந்தால் ஒரு வருடமோ இரண்டு வருடமோ உன் வீட்டில் இருந்துவிடலாம். ஆனால் அந்தக் காலம் முழுக்க நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், நீ என் கழுத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாய்.

கழுத்து சரியாகவில்லை, தம்பி. இனிச் சரியாகும் என்றும் சொல்ல மாட்டேன். இதைத் தெரிந்துகொண்டு, இப்போது ஒரு தடவை "வாங்கம்மா" என்று கூப்பிடு. அடுத்த பஸ்ஸிலேயே வருவேன். நீ கூப்பிட மாட்டாய் என்றுதான் என் மனம் சொல்கிறது. அதனால் இந்தக் கடிதத்தை ஒட்டியதும் போனை அணைத்துவிடப் போகிறேன். நீ பேசாமல் இருப்பதைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது.

அம்மா